பதக்கம் குத்துறது படத்துல, நாவல்ல இல்ல

தோழர், 'ஏழை படும் பாடு' (லே மிசராப்ளே) மூல நாவல்லயே போலீஸ் அதிகாரி ஜாவர், கிளர்ச்சிக்காரங்களோட இருந்து செத்துப்போன தெருச் சிறுவன் கவ்ரோஷுக்குத் தன் பதக்கத்தைக் குத்திவிடுவார்னு மேல எழுதியிருக்கீங்க. அது 2012ல வந்த ஆங்கிலப் படத்துல சேர்த்தது. விக்தர் ஹ்யூகோ நாவல்ல, ஜாவரை உளவாளின்னு கிளர்ச்சிக்காரங்ககிட்ட காட்டிக்கொடுக்கிறதே கவ்ரோஷ்தான். அவன் குண்டடிபட்டுச் சாகும்போது ஜாவர் அவங்க பிடியில மதுக்கடைக்குள்ள கட்டுண்டு கிடக்கிறார். எப்படிக் குத்துவார்?

நாவல்ல அவர் மனசு உடையற இடம் 5ஆம் பாகம், 4ஆம் புத்தகம். ஆத்துல குதிச்சுச் சாகிறதுக்கு முன்னாடி காவல் சாவடியில உட்கார்ந்து சிறை, காவல் வேலை பத்தி 10 குறிப்புகளை எழுதிவைக்கிறார்: சோதனை போடும்போது கைதிகளை வெறுங்காலோட கல்தரையில நிறுத்துறது, தறியில நூல் அறுந்தா கைதிகிட்ட 10 சூ (பிரெஞ்சுச் சில்லறைக் காசு) பிடிக்கிறது... அந்தப் பதக்கத்தைவிட இது எவ்வளவு கனம்! 1998ல வந்த இன்னொரு படத்துல ஜாவர் தனக்கே விலங்கு மாட்டிக்கிட்டு விழுறதும் படத்துக்காரங்க சேர்த்ததுதான்.

தண்டையார்பேட்டை வாசிப்பு வட்டத்துப் பசங்களுக்குப் படம் போட்டா, அந்தப் பக்கத்தையும் படிச்சுக் காட்டுங்க.