டி-டைமர் பாசிட்டிவ் என்றால் 95 சதவீதம் என்று பொருளல்ல

"டி-டைமர் பரிசோதனை 95 சதவீதம் துல்லியமானது, ஆகவே பாசிட்டிவ் வந்தவருக்கு நுரையீரலில் ரத்தக்கட்டு இருப்பதற்கான வாய்ப்பும் 95 சதவீதம்" என்று நண்பர் எழுதியிருப்பது தவறு. டி-டைமர் என்பது ரத்தக்கட்டு கரையும்போது ரத்தத்தில் சேரும் புரதத் துணுக்கு; அதன் அளவைப் பார்ப்பதே இந்தப் பரிசோதனை. அந்த 95, பரிசோதனையின் உணர்திறன் மட்டுமே; அதாவது, ரத்தக்கட்டு உள்ள 100 பேரில் ஏறத்தாழ 95 பேருக்குப் பாசிட்டிவ் வரும். ஆனால் ரத்தக்கட்டு இல்லாத 100 பேரிலும் சுமார் 60 பேருக்குப் பாசிட்டிவ் வந்துவிடுகிறது. கர்ப்பம், அறுவை சிகிச்சை, தொற்று, புற்றுநோய், ஏன், வெறும் முதுமைகூட டி-டைமரை உயர்த்தும்.

95ஐ 60ஆல் வகுத்தால் வரும் 1.6தான் பாசிட்டிவ் முடிவின் லைக்லிஹுட் ரேஷியோ, அதாவது முன்பிருந்த வாய்ப்பு விகிதத்தை இந்த முடிவு எத்தனை மடங்காக்குகிறது என்ற எண். அறிகுறிகளை வைத்து மருத்துவர் முன்கூட்டியே 15 சதவீத வாய்ப்பு என மதிப்பிட்டிருந்தால், 15க்கு 85 என்ற (இருப்பதற்கு இல்லாதது) விகிதம் 1.6ஆல் பெருகி 24க்கு 85 ஆகிறது. இது 109ல் 24, வெறும் 22 சதவீதம். இதற்காகவா இத்தனை பீதி?

இந்தப் பரிசோதனையின் உண்மையான பலம் நெகட்டிவில் இருக்கிறது. ரத்தக்கட்டு உள்ள 100 பேரில் தவறவிடப்படும் 5ஐ, இல்லாத 100 பேரில் சரியாக விலக்கப்படும் 40ஆல் வகுத்தால் 0.125; விகிதத்தை இதனால் பெருக்கினால், அதே நோயாளியின் வாய்ப்பு 2 சதவீதமளவுக்கு இறங்கிவிடும். எனினும், கால் வீங்கி, மூச்சுத் திணறி, முன்மதிப்பீடே 60 சதவீதமாக இருப்பவருக்கு நெகட்டிவ் வந்தாலும் 16 சதவீத வாய்ப்பு எஞ்சுவதால், அத்தகையவரை டி-டைமருக்காகக் காத்திருக்கச் செய்யாமல் நேரடியாக, நுரையீரல் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோகிராமுக்கு அனுப்புகிறார்கள்.