பேக்கேஜுக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்க

நாகர்கோவில்ல அஞ்சு சென்ட் இடம் வாங்குறவர்கூட வில்லங்கம் போட்டுப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்க மாட்டார். மூலப்பத்திரம் எங்கே, யார் கை மாறி யாருக்கு வந்தது, நடுவுல அடமானம் உண்டான்னு எல்லாம் துருவிக் கேட்பார். அதே வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்தா, முன்பின் தெரியாத ஒருத்தர் எழுதி வைச்ச ரெடிமேட் நிரலை, அதாவது பேக்கேஜை, ‘லேட்டஸ்ட்’னு போட்டு இறக்கிடுறான். கேட்டா, நிரல்களைப் போட்டு வைக்கிற தளத்தைக் காட்டி, “கிட்ஹப்ல அவ்வளவு ஸ்டார் இருக்கு அண்ணே” என்பான். ஸ்டார் விழுந்தது என்னைக்கோ வந்த பழைய வெர்ஷனுக்கு. நேத்து ராத்திரி வந்த வெர்ஷனுக்கு யாரும் ஸ்டார் போடல.

நான் சொல்ற வேலை ரொம்பச் சின்னது. ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்கித் தர்ற கருவி என்பிஎம். டெர்மினல்ல ‘என்பிஎம் வியூ’ (npm view), அடுத்து பேக்கேஜ் பெயர், கடைசியில ‘டைம்’ (time). முதல் வெர்ஷனிலிருந்து இன்னைக்கு வந்தது வரை எது எப்போ வெளியாச்சுன்னு வரிசையா விழும். நேரம் யுடிசி கணக்கு (உலகப் பொது நேரம்), நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி கூட்டிக்கணும். பைத்தான்காரங்களுக்கு ‘பிப் இண்டெக்ஸ் வெர்ஷன்ஸ்’ எண்களை மட்டும்தான் தரும். தேதி வேணும்னா பைத்தான் பேக்கேஜ்களை வைக்கிற பைபிஐ தளத்துல அந்தப் பேக்கேஜோட வெளியீட்டு வரலாற்றைத் திறக்கணும்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் கடை. அவங்க பில்லிங் புது சர்வருக்கு மாறின அன்னைக்கே படுத்துட்டு. “எனக்க லேப்டாப்புல ஓடுதுண்ணே, ஒரு வரிகூட மாத்தல” என்கிறான் பையன். அவன் சொன்னது சத்தியம். ஆனா எந்தெந்த வெர்ஷன்னு பூட்டி வைக்கிற லாக் ஃபைல் சர்வருக்குப் போகல, பேக்கேஜ் பட்டியல்ல வெர்ஷன் எண்ணுக்கு முன்னால கேரட் குறி (^) இருந்தது. அது இருந்தா சின்ன அப்டேட்டெல்லாம் கேட்காமலே உள்ளே வரும். ராத்திரி பூரா எல்லாரும் தாங்க எழுதின நிரலையே சந்தேகப்பட்டு நோண்டிக்கிட்டு இருந்தாங்க. விடியற நேரத்துல ஒருத்தர் தேதிப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். ஒரு குட்டிப் பேக்கேஜ் முந்தின நாள் சாயங்காலம் புது வெர்ஷன் விட்டிருக்கு. எண்ணைப் பழையதுக்கு இறக்கினதும் பில் அடிச்சது. அந்தப் பட்டியலை முதல்லயே எடுத்திருந்தா எல்லாரும் வீட்டுல போய் உறங்கியிருக்கலாம்.

நிரல்ல செய்யுற ஒவ்வொரு மாற்றத்தையும் பதிஞ்சு வைக்கிற கருவி கிட். “கிட்ல ஹிஸ்டரி இருக்கே, அது போதாதா?” என்று கேட்பவர்களோடதான் எனக்கு உண்மையான சண்டை. போதாது. கிட்ல இருக்கிறது கோடோட (நிரலோட) வரலாறு. நம்ம மெஷினுக்கு வர்றது பேக்கேஜ். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. 2018ல ஈவென்ட் ஸ்ட்ரீம்ங்கிற என்பிஎம் பேக்கேஜ் விவகாரத்துல, அதோட பொறுப்பைப் புதுசா வாங்கினவர் ஃப்ளாட்மேப் ஸ்ட்ரீம் என்ற இன்னொரு பேக்கேஜை உள்ளே சேர்த்தார். பிட்காயின் வாலட்டைக் குறிவைத்த கோடு அந்தப் பேக்கேஜோட என்பிஎம் பிரதியில இருந்தது, கிட்ஹப்ல இல்லை.

2024 மார்ச்ல, லினக்ஸ்ல ஃபைலைச் சுருக்குற எக்ஸ்இஸட் (xz) விவகாரம் வெடிச்சப்பவும் இதே கதைதான். 5.6.0, 5.6.1 ரெண்டு வெர்ஷனோட வெளியீட்டுத் தொகுப்புல மட்டும் ஒரு பில்ட் ஸ்கிரிப்ட் கூடுதலா இருந்தது. கள்ளக்கதவைத் திறந்துவிடுறது அதுதான், கிட்டை மட்டும் பார்த்தவங்க கண்ணுல அது படல. தூரத்து மெஷினுக்குள்ள போற எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாகுதேன்னு ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட்ங்கிற இன்ஜினியர் நோண்டப் போய்தான் வெளியே வந்தது. டெபியன் என்ற லினக்ஸை வெளியிடுறவங்க அவசரமாப் பழைய கோடுக்குத் திரும்பினப்போ வைச்ச எண்ணைப் பார்த்தா சிரிப்பு வரும்: ‘5.6.1 ப்ளஸ் ரியலி 5.4.5’. எண் பின்னால போகக் கூடாது, அதனால ‘உண்மையில இது 5.4.5தான்’னு எண்ணுக்குள்ளேயே எழுதிட்டாங்க.

இந்த விஷயத்துல டெபியன்தான் எனக்குப் பிடிச்சது. அவங்க ஸ்னாப்ஷாட் காப்பகத்துல 2005லிருந்து வெளியான பேக்கேஜ்கள் தேதிவாரியா இருக்கு. ‘டெப்ஸ்னாப்’னு ஒரு கருவி, டெவ்ஸ்கிரிப்ட்ஸ் தொகுப்போட வரும். பேக்கேஜ் பெயரைக் கொடுத்தா பழைய வெர்ஷன்களோட சோர்ஸை எல்லாம் இறக்கித் தரும். ரெண்டைப் பக்கத்துல வைச்சு டிஃப் போட்டா என்ன மாறிச்சுன்னு தெரிஞ்சிரும். என்பிஎம்லயும் ‘என்பிஎம் டிஃப்’ இருக்கு, வெளியான ரெண்டு வெர்ஷனை நேருக்கு நேர் ஒப்பிடும். தேதி மட்டும் பார்த்தா பாதிதான், இந்த டிஃப்பும் வேணும்.

“அப்போ புதுசே போடக்கூடாதா? பாதுகாப்பு ஓட்டை அடைபடாம கிடக்குமே” என்பது நியாயமான கேள்வி. ஓட்டையை அடைக்க வந்த அப்டேட்னு தெரிஞ்சா, டிஃப் பார்த்துட்டு அன்னைக்கே போடுங்க. மத்ததெல்லாம் சில நாள் ஊறட்டும். 2025 செப்டம்பர்ல சாக் (chalk), டீபக் (debug) மாதிரிப் பெரிய பேக்கேஜ்களிலேயே விஷம் கலந்தப்போ சில மணி நேரத்துலயே கண்டுபிடிச்சுட்டாங்க. பொறுத்திருந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல. என்பிஎம் மாதிரியே இன்னொரு கருவியான பிஎன்பிஎம்ல (pnpm) இதுக்குன்னே ‘மினிமம் ரிலீஸ் ஏஜ்’ என்ற செட்டிங் வந்திருக்கு, நிமிஷக் கணக்குல கொடுக்கணும்.

நம்ம மாவட்டத்துல இன்ஜினியரிங் காலேஜுக்கா பஞ்சம்? இறுதியாண்டு ப்ராஜெக்ட் வைவா எடுக்கும் ஆசிரியர்கள் இதைப் படிச்சா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “இதுல இருக்கிற பேக்கேஜ்ல ஒண்ணோட வெர்ஷன் வரலாற்றை இப்போ எடுத்துக் காட்டு, மக்ளே.” அட்டை போட்டுப் பைண்டிங் பண்ணின ரெக்கார்டுக்குக் கொடுக்கிற மார்க்ல கொஞ்சம் வெட்டி இதுக்குக் கொடுத்தாலும் தப்பில்லை.