அந்தத் தொகுப்பின் பைண்டிங் பற்றி, விரிவாகவே

சனிக்கிழமை அந்தக் கவிதைத் தொகுப்பின் வெளியீட்டுக்கு வந்தவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று தெரியும். வராதவர்களும், மேடையில் புத்தகம் பிளந்து பக்கம் கழன்று விழுந்த அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் பைண்டிங்கைக் குறை சொல்லி அன்றிரவு நான் எழுதிய நாலு வரிக்குக் கீழே வந்த மறுமொழிகளை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். "உள்ளே என்ன எழுதியிருக்குன்னு பாருங்கக்கா, அட்டையையும் பசையையும் பிடிச்சுத் தொங்காதீங்க" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அதற்கு ஏகப்பட்ட விருப்பக்குறிகள், அதில் பாதி எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் போட்டது.

தம்பி, உள்ளே எழுதியிருப்பதைப் படித்ததால்தான் பசையைப் பற்றிப் பேசுகிறேன்.

அது இங்கே சிங்கப்பூரில் வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர்கள் எழுதிய கவிதைகள். துவாஸிலும் சுங்கை காடுட்டிலும் தங்குவிடுதியின் மேல்கட்டிலில் படுத்தபடி கைப்பேசியில் தட்டியவை. அவற்றை யார், எங்கே வைத்துப் படிப்பார்கள்? லாரியில், அதே கட்டிலில், ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் புல்தரையில். கால்சட்டைப் பைக்குள் நுழைகிற புத்தகமாக அது வந்திருக்க வேண்டும். வந்தது ஏ4 அளவில், பளபளக்கும் ஆர்ட் தாளில், ஒரு கையால் தூக்கிப் படிக்க முடியாத கனத்தில். முதல் 14 பக்கம் வாழ்த்துரை, ஆளுக்கொரு முழுப்பக்க வண்ணப்படம். 15ஆம் பக்கத்தில்தான் கவிதை தொடங்குகிறது. அதுவும் செய்தித்தாள்போல் பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து, 9 பாயின்ட் பொடி எழுத்தில்.

ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்ததுமே அது யாருக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துவிடும். இது மேடையில் இருந்தவர்களுக்காகச் செய்யப்பட்டது. எழுதியவர்களுக்காகச் செய்யப்படவில்லை. எனக்கு இருக்கிற வருத்தம் முழுக்க இதுதான்.

எழுத்து அளவு சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு: தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். 'கீ'யின் சுழி மேலே போகும், 'மூ'வின் வால் கீழே இறங்கும். ஆங்கிலப் பக்கத்துக்குப் போட்ட அளவிலேயே தமிழை ஊற்றினால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். நம் சொற்களும் நீளம். 'காத்துக்கொண்டிருக்கிறேன்' என்ற ஒரே சொல் அந்தக் குறுகிய பத்தியில் ஒரு வரியைத் தின்றுவிடுகிறது. கவிஞர் எங்கே மூச்சு விட்டாரோ அங்கே வரி முறியவில்லை, பத்தியின் அகலம் தீர்ந்த இடத்தில் முறிந்திருக்கிறது. இதையும் "உள்ளே எழுதியிருப்பது" என்று சேர்த்துக்கொள்ள மாட்டீர்களா?

என் அப்பா ஓர் அச்சகத்தில் பைண்டர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகளுக்குப் பேரேடு கட்டிக் கொடுப்பார். பேரேடு என்றால் கணக்குப்பிள்ளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுத மாட்டார், விரித்து வைத்தால் விரித்தபடி கிடக்க வேண்டும். அதனால் தாள்களை ஃபாரம் ஃபாரமாக, அதாவது சின்னச் சின்னக் கட்டாக மடித்து, மடிப்பின் நடுவில் நூல் ஓட்டித் தைப்பார். பஜனைப் பாட்டுப் புத்தகத்துக்கு நடுவில் இரண்டு கம்பிப் பின் போதும். மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார், வீடெல்லாம் அந்த வாடை. தாள் வந்ததும் அதில் ஒரு துண்டைக் கிழித்து நனைத்து எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பார்ப்பார். தாளின் கிரெய்ன், அதாவது இழை ஓடும் திசை, புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓடாவிட்டால் இந்த ஊர் ஈரக்காற்றுக்குப் பக்கமெல்லாம் அலை அலையாகிவிடும். வேலை முடிந்ததும் புத்தகத்தை நடுவில் திறந்து மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது அது திறந்தபடியே கிடந்தால்தான் அடுத்ததைக் கையில் எடுப்பார். என்ன வேலைக்கான புத்தகம் என்று கேட்காமல் அவர் ஊசியைத் தொட்டதே இல்லை.

சனிக்கிழமை அந்த இளைஞர் தன் கவிதையை வாசிக்க மேடையில் புத்தகத்தை விரித்தபோது என்ன நடந்தது? முதுகு 'படக்' என்று பிளந்தது. வழவழப்பான ஆர்ட் தாளில் மேலே ஒரு பூச்சு இருக்கும். சூடாக ஊற்றும் பசை அந்தப் பூச்சைத் தாண்டி இழைக்குள் இறங்காது, மேலோடு ஒட்டி நிற்கும். கனத்த தாளை அகல விரித்தால் விட்டுவிடும். அவர் பக்கம் கழன்று தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து, அந்த ஒற்றைத் தாளைப் பார்த்தே வாசித்து முடித்தார். அரங்கில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

தைத்துக் கட்டப் பணம் இல்லை என்கிறீர்கள். அட்டையில் தங்க எழுத்து, அதன்மேல் ஸ்பாட் யூவி என்கிற பளபளப்புப் பூச்சு, உள்ளே முழு வண்ணம். அதற்கெல்லாம் பணம் இருந்ததே! சாதாரண 80 ஜிஎஸ்எம் எடைத் தாளில், பாதி அளவில், 64 பக்கத்தில், நடுவில் நூல் போட்டுத் தைத்திருந்தால் செலவு இதைவிடக் குறைவாகத்தான் வந்திருக்கும். நான் ஆடம்பரம் கேட்கவில்லை. கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசு செய்தித்தாளை இங்கே தொடங்கியபோது விலை ஒரு காசு. செய்தித்தாளை யாரும் தைப்பதில்லை, மடித்துக் கொடுப்பார்கள், அதுதான் அதற்குப் பொருத்தம். மலிவு எனக்குக் குறையே இல்லை. உள்ளே இருப்பவரை மதிக்காத பகட்டுதான் குறை.

தன்னார்வலர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து செய்தது, இப்படிப் பேசினால் அடுத்த முறை யாரும் முன்வர மாட்டார்கள் என்று ஓர் அண்ணன் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அதில் நியாயம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த கவிதைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தியவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அண்ணே, "நீங்களே வந்து செய்திருக்கலாமே" என்று என்னைக் கேட்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் மே மாதமே கேட்டேன். ஒருமுறை மாதிரிப் பிரதியைக் காட்டுங்கள், ஓரம் எவ்வளவு விட்டிருக்கிறீர்கள் என்று மட்டும் பார்க்கிறேன் என்றேன். "டிசைன் முடிஞ்சுடுச்சுக்கா" என்று ஒரே வரி பதில் வந்தது. இப்போது வெளியே நின்று குறை சொல்கிறேன் என்கிறீர்கள்.

எல்லாரும் போனில்தானே படிக்கிறார்கள் என்பவர்களுக்குப் பதில் இல்லை. அப்படியானால் அச்சடித்திருக்கவே வேண்டாம்.

ஓலையில் எழுதியவர்கள் ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்தின் புள்ளியையே வைக்காமல் விட்டார்கள். கயிறு கோக்கும் துளையைச் சுற்றி இடம் விட்டு எழுதினார்கள். எழுதுகிறவருக்கே கட்டுகிறவரின் நினைப்பு இருந்தது. நாம் கணினியில் செய்கிறோம், கட்டுகிற பக்கம் உள் ஓரம் விட மறந்துவிடுகிறோம். இந்தப் புத்தகத்தின் இரண்டு பிரதிகள் சட்டப்படி தேசிய நூலக வாரியத்துக்குப் போகும். நாளை யாராவது, 2020களில் இங்கே கட்டடம் கட்டிய தமிழர்கள் என்ன எழுதினார்கள் என்று தேடி அதை எடுத்து விரிப்பார்கள். அவர்கள் கையிலும் உதிரும்.

நிகழ்ச்சி முடிந்து அந்த இளைஞரிடம் பிரதியை வாங்கி வந்தேன், தைத்துத் தருகிறேன் என்று சொல்லி. ஒற்றைத் தாள்களாகப் பிரிந்துவிட்டதை மடிப்பில் தைக்க முடியாது, பக்கவாட்டில் துளை போட்டுத்தான் தைக்க வேண்டும். அப்பாவின் குத்தூசியை எடுத்து அளவு வைத்துப் பார்த்தேன். உள் ஓரம் அரை விரல்கூட இல்லை. தையல் போட்டால் அவர் கவிதையில் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் உள்ளே போய்விடும். மூன்று முறை அளந்துவிட்டேன். கோத்த நூலோடு ஊசி மேசைமேல் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்ள வருகிறேன் என்று அவர் செய்தி அனுப்பியிருக்கிறார்.