மான் வேட்டைக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? முதலில் வீட்டுக் கணக்கு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் புதிதாக மான் வேட்டைக்கு இறங்கும் நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி "எந்த ரைஃபிள் வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த வருடம் இதற்கென்று எவ்வளவு ஒதுக்கலாம்? அந்தத் தொகை முடிவாகிவிட்டால் ரைஃபிள் தேர்வு பத்து நிமிட வேலை. தொகை முடிவாகாமல் கடைக்குள் போனால் 500 டாலர் எண்ணத்தோடு நுழைந்து 2,000 டாலர் ரசீதோடுதான் வெளியே வருவோம்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே மாநில அரசே பருவமும் எண்ணிக்கையும் வகுத்து, லைசென்ஸ் கொடுத்து நடத்துகிறது. வெள்ளைவால் மான் அளவுக்கு மீறிப் பெருகினால் காட்டில் மரக்கன்று எதுவும் தலைதூக்காது. அதனால்தான் பெண் மானுக்கென்று தனி லைசென்ஸே தருகிறார்கள்.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் சட்டம் கொடுக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இல்லாத வீட்டில் புது ரைஃபிளுக்கு இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. 401கே என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் கம்பெனி போடும் பங்கை முழுசாக வாங்குவது, அப்பா அம்மாவுக்கு அனுப்பும் பணம், அவசரமாக ஊருக்குப் போக விமான டிக்கெட் காசு, இவை மூன்றும் அதற்கு அடுத்து. கிரெடிட் கார்டில் பாக்கி ஓடுகிறதா? 22 சதவீத வட்டியில் 1,500 டாலர் ஒரு வருடம் அப்படியே கிடந்தால் வட்டி மட்டும் 330 டாலர். அது ரைஃபிள் மேல் மாட்டிக் குறி பார்க்கும் தொலைநோக்கியான ஒரு நல்ல ஸ்கோப்பின் விலை. பாக்கி தீரும் வரை லைசென்ஸும் வகுப்பும் மட்டும் போதும். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து, அனுபவம் உள்ளவரோடு ஒரு பருவம் கூடவே நடந்து பாருங்கள். குளிரில் நாலு மணி நேரம் அசையாமல் உட்கார்வது பிடிக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

விசாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கிரீன் கார்டு இல்லாமல், தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அமெரிக்க மத்திய அரசின் சட்டம். காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் அதற்கு ஒரு விதிவிலக்கு. துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் இதற்கென்றே கேள்வி இருக்கிறது. பென்சில்வேனியா லைசென்ஸ் ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். புதுப்பிக்க மறந்தால் ஜூலையில் அலமாரியில் சும்மா கிடக்கும் ரைஃபிளே சட்டப் பிரச்சினை. மாநிலத்தில் குடியிருப்பவருக்கு அது ஏறத்தாழ 21 டாலர். எந்த வருடமும் மிச்சம் பிடிக்கக் கூடாத செலவு இதுதான். துணைக்கான எச்-4 விசாவில் இருக்கும் மனைவி அல்லது கணவரிடம் அலமாரிச் சாவி இருக்கலாமா என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அந்த ஃபீஸும் வேட்டைச் செலவில் சேர்ந்ததுதான்.

இப்போது ரைஃபிள். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் போதும். ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் வகைகள் 400 முதல் 600 டாலருக்குள் கிடைக்கின்றன. இந்த மாநிலத்து அடர்ந்த காட்டில் பெரும்பாலும் 100 கெஜத்துக்குள்தான் சுட வேண்டிவரும், அந்தத் தூரத்தில் 500 டாலர் ரைஃபிளுக்கும் 2,000 டாலர் ரைஃபிளுக்கும் மானுக்கு வித்தியாசம் தெரியாது. தோட்டா அளவில் 308 வின்செஸ்டர், 30-06 இரண்டும் சின்ன ஊர்க் கடையிலும் இருக்கும். உதைப்பு குறைவாக வேண்டுமென்றால் 243. விசை கூடிய மேக்னம் ரகங்கள் வேண்டாம். தோளில் பலமாக உதைக்கிற துப்பாக்கியைச் சுடுபவர், விசையை அழுத்துமுன்பே கண்ணை மூடப் பழகிவிடுவார், பிறகு எவ்வளவு விலை கொடுத்த ஸ்கோப்பும் உதவாது. ஏஆர்-15 மேல் ஆசைப்படுகிறவர்களுக்கு: சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிளால் மான் சுட பென்சில்வேனியாவில் அனுமதி இல்லை. மான் வேட்டையைக் காரணம் சொல்லி வீட்டில் அதற்குச் சம்மதம் வாங்குவது நேர்மையான காரியம் அல்ல.

ஸ்கோப் 3-9x40 அளவு (3 முதல் 9 மடங்கு பெரிதாகக் காட்டும், 40 மி.மீ. லென்ஸ்), 150 முதல் 250 டாலர். குறி தவறுவதற்கு ஸ்கோப்பின் விலையைவிட அதை மாட்டிய விதமே அதிகம் காரணம். ரைஃபிளோடு சேர்த்தே கடையில் மாட்டிக் கொடுத்ததாக இருந்தாலும் ஒருமுறை கழற்றுங்கள். ஸ்கோப் உட்காரும் அடித்தட்டுத் திருகுகளின் எண்ணெய்ப் பசையை ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத் திருகுகளுக்கு வழக்கமான முறுக்கு அளவு 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டு. கை கணக்கில் முறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும், இல்லையென்றால் பத்தாவது குண்டில் தளர்ந்து குறி நகரும். முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் (torque) ஸ்க்ரூடிரைவர் ஒன்று 50, 60 டாலர். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும்.

குறி பார்க்க நேரே 100 கெஜத்துக்குப் போகாதீர்கள். அங்கே காகிதத்திலேயே படாமல் தோட்டா பெட்டி காலியாகும். 25 கெஜத்தில் தொடங்குங்கள். கால் எம்ஓஏ (கோண அளவு) ஸ்கோப்பில் திருத்தும் குமிழின் ஒரு கிளிக் 100 கெஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும், 25 கெஜத்தில் அதில் கால் பங்குதான், அதாவது பதினாறில் ஒரு அங்குலம். எனவே 25 கெஜத்தில் குண்டு இரண்டு அங்குலம் இடப்பக்கம் போனால் வலப்பக்கம் 32 கிளிக். பிறகு 100 கெஜத்தில் மும்மூன்று குண்டாகச் சுட்டு, குழல் ஆற விட்டு, அங்குலத்துக்கு நாலு கிளிக் என்று திருத்துங்கள். நிதானமாகச் செய்தால் 20 தோட்டாப் பெட்டி ஒன்றில் வேலை முடியும். வேட்டைக்கு எந்தத் தோட்டாவோ அதே தோட்டாவில்தான் இதைச் செய்ய வேண்டும். பயிற்சிக்கு மலிவு ரகம், காட்டுக்கு உயர்ந்த ரகம் என்று மாற்றினால் குண்டு விழும் இடமும் மாறும். கைப்பழக்கத்துக்குச் சிறு தோட்டா சுடும் 22 ரிம்ஃபயர் ரைஃபிள் இரவல் கிடைத்தால் சில சென்ட்டில் ஒரு குண்டு. மாநில அரசின் வேட்டை நிலங்களில் உள்ள சுடும் தளங்களுக்கு உங்கள் வேட்டை லைசென்ஸே அனுமதிச் சீட்டு, தனியார் கிளப் சந்தா தேவையில்லை.

வீட்டில் சிறு பிள்ளைகளோ கர்ப்பிணியோ இருந்தால் ஈயக் குண்டு வேண்டாம், முழுச் செம்புக் குண்டு வாங்குங்கள். ஈயம் உடலுக்குள் பட்டுச் சிதறி, காயத்திலிருந்து தள்ளியிருக்கும் கறியிலும் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகத் தங்கும். பெட்டிக்குப் பத்துப் பதினைந்து டாலர் கூடும். தயங்காமல் கொடுக்க வேண்டிய காசு. பூட்டும் இரும்பு அலமாரியும் அப்படித்தான். 150, 200 டாலரில் நல்லது கிடைக்கும். தோட்டா தனிப் பூட்டில் இருக்கட்டும். கொலுவுக்கும் தீபாவளிக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேர் மாடி வரை ஓடி விளையாடும் வீடு நம்முடையது. ரைஃபிள் பெட்டியோடு வரும் கேபிள் பூட்டை நம்பி இருக்க முடியாது. ரைஃபிளுக்கு முன்பே அலமாரி வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

மிச்சம் பிடிக்கும் இடம் உடுப்பு. ரைஃபிள் பருவத்தில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அணிய வேண்டும், எந்தப் பக்கமிருந்தும் தெரிய வேண்டும் என்பது சட்டம். அந்த ஆரஞ்சு மேலாடைக்கு அடியில் காட்டின் நிறத்தோடு ஒளிய உதவும் 300 டாலர் காமோ ஜாக்கெட் எதற்கு? மான் கண்ணுக்கு ஆரஞ்சும் சிவப்பும் தனியாகப் பிரிந்து தெரியாது, நீலம்தான் பளிச்சென்று தெரியும். வெண்மைக்கு மினுக்கம் கூட்டும் சோப்பில் துவைத்த துணி புற ஊதா ஒளியில் நீலமாக மின்னும். மினுக்கம் சேர்க்காத சோப்பில் துவைப்பது நூறு டாலர் காமோவைவிடப் பயன் தரும். வாசனை மறைக்கும் ஸ்ப்ரே, டப்பா டப்பாவாக விற்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு சிட்டிகை பவுடரை ஊதிப் பார்த்து, மான் வரும் பக்கத்திலிருந்து காற்று உங்கள் முகத்தில் வீசும்படி உட்காருங்கள், போதும். பூட்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அதிலும் 800 கிராம் இன்சுலேஷன் வாங்கி ஒரு மைல் நடந்தால் கால் வியர்க்கும், உட்கார்ந்ததும் அந்த ஈரமே விறைக்கும். 400 கிராமும் பையில் மாற்று உல்லன் சாக்ஸும் நல்லது.

மரப் பரணில் ஏறுகிறவர்கள் முழு உடல் ஹார்னஸை ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். அதற்குக் காலாவதி உண்டு. விழுவது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும் பரணில் கால் மாற்றும்போதும். அதனால் தரையிலிருந்தே கொக்கி மாட்டிக்கொண்டு ஏறும் பாதுகாப்புக் கயிறு கட்டாயம், 40 டாலர்தான். பரணை வருடம் முழுக்க மரத்திலேயே விட்டால் வெயிலில் அதைக் கட்டிய நாடா இற்றுப்போகும், மரமும் பெருத்து இறுகும். தரையில் மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்தும் மான் எடுக்கலாம், அதற்கு விலையே இல்லை.

வீட்டுப் பணத்தை உண்மையில் கரைப்பது ரைஃபிள் அல்ல. அது ஒருமுறைச் செலவு, பிள்ளை காலத்துக்கும் வரும். காட்டில் மானைப் படமெடுத்து ஃபோனுக்கு அனுப்ப மாதச் சந்தா கட்டும் செல்லுலார் கேமராக்கள், தனியார் நிலக் குத்தகை, தலையைப் பாடம் செய்து சுவரில் மாட்டும் கூலி, முதல் வருடம் முடியுமுன் வாங்கும் கிராஸ்போ (குறுக்கு வில்), இவைதான் கரைக்கும். மாநிலத்தில் 15 லட்சம் ஏக்கர் வேட்டை நிலம் இலவசமாகத் திறந்திருக்கும்போது புதியவருக்குக் குத்தகை எதற்கு? "நாம் கட்டும் வரி வனத்துக்குத்தானே போகிறது" என்பார்கள். உண்மைதான். 1937 பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிளிலும் தோட்டாவிலும் 11 சதவீதம் அப்படிப் போகிறது. அதற்காக இரண்டாவது ரைஃபிள் வாங்க வேண்டியதில்லை.

"கறிச் செலவு மிச்சம்" என்று மனைவியிடம் சொல்லிக் கிளம்புகிறவர்கள் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள். குடலெடுத்தபின் 100 பவுண்டு இருக்கும் மானில் எலும்பில்லாக் கறி 45 பவுண்டு அளவுக்குத் தேறும், குண்டு தோள்பட்டையில் பட்டால் இன்னும் குறையும். முதல் வருடம் ரைஃபிள் 500, ஸ்கோப் 200, அலமாரி 200, பூட்ஸ் 130, ஆரஞ்சு உடுப்பு 40, தோட்டா 100, லைசென்ஸ்கள் 28, கசாப்புக் கூலி 130 என்று வைத்தால் 1,328 டாலர். பவுண்டு கிட்டத்தட்ட 30 டாலர். அடுத்த வருடம் தோட்டா 40, பெட்ரோல் 80, லைசென்ஸ்கள் 28, கூலி 130, பவுண்டு 6 டாலர் சொச்சம். நீங்களே வெட்டினால் 3 டாலர் சொச்சம். ஆகவே மிச்சம் என்பது கத்தி பிடிக்கக் கற்றவருக்கு, அதுவும் இரண்டாம் வருடத்திலிருந்து, மான் கிடைத்தால்.

எலும்பு பிரிக்கும் கத்தி, பெரிய பலகை, வேக்கம் சீலர் இருந்தால் வீட்டிலேயே முடிக்கலாம். மான் கொழுப்பையும் வெள்ளி நிறச் சவ்வையும் ஒட்டச் சீவி எடுங்கள், பலர் சொல்லும் கவிச்சி பெரும்பாலும் அதில்தான். தொடைச் சதை சுக்காவுக்கு, முழங்கால் துண்டு குக்கருக்கு, மிச்சம் கைமாவுக்கு. வெயில் 40 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகும் நாளில் மானைத் தொங்கவிடாமல், உடனே வயிற்றுக்குள் ஐஸ் பைகளை வைத்து நிழலுக்குக் கொண்டு போங்கள். மூளையைத் தாக்கும் சிடபிள்யூடி நோய் 2012 முதல் இந்த மாநிலத்தில் இருக்கிறது. நோய்ப் பகுதியில் எடுத்த மானின் தலையைச் சோதனைப் பெட்டியில் போட்டு, முடிவு வரும் வரை கறி ஃப்ரீசரிலேயே இருக்கட்டும். தலையும் முதுகெலும்பும் அந்தப் பகுதியைத் தாண்டி வரக் கூடாது.

பணத்தைப் போலவே நாளும் வீட்டுக்குச் சொந்தம். ஆண் மான் இணை தேடி அலையும் உச்சம் நவம்பர் நடு, தீபாவளியும் சில வருடம் அதை ஒட்டி வரும். 2026-ல் நவம்பர் 8, ஞாயிறு. ரைஃபிள் பருவத் தொடக்கத்தை 2019-ல் நன்றி நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) அடுத்த திங்களிலிருந்து சனிக்கு மாற்றினார்கள், விருந்தினர் வீட்டில் இருக்கும் நாள் அது. எந்தெந்தக் காலை காட்டுக்கு, எந்தெந்த நாள் வீட்டுக்கு என்று ஆகஸ்டிலேயே காலண்டரில் இருவரும் சேர்ந்து குறியுங்கள். உங்கள் வேட்டைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவோ, அதே தொகை துணைவரின் விருப்பத்துக்கும் கணக்குக் கேட்காமல் ஒதுக்கப்பட வேண்டும்.

வாங்குவதை ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளுங்கள். பருவம் முடிந்ததும் உடுப்பும் பூட்ஸும் தள்ளுபடிக்கு வரும், ஆசைப்பட்டு வாங்கியவர்கள் ரைஃபிளையும் விற்பார்கள். பழைய ரைஃபிள் வாங்கும்போது குழலின் வாய் விளிம்பில் அடிபட்ட தழும்பு இருக்கிறதா, போல்ட் தடையின்றி ஓடுகிறதா, ஸ்கோப் திருகுத் துளைகள் மழுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். துப்பாக்கி கைமாறுவது லைசென்ஸ் உள்ள கடை மூலமாக மட்டும் நடக்கட்டும். வார்டெக்ஸ் போன்ற சில நிறுவனங்களின் ஸ்கோப் உத்தரவாதம் இரண்டாவது கைக்கும் செல்லும், அந்த வகையைப் பழையதாக வாங்கினாலும் நஷ்டமில்லை.