“அந்த நாள்” எடுத்தது கே. பாலசந்தர் இல்லை

வெள்ளவத்தைப் பக்கம் வாட்ஸ்அப் குரூப்புகள்ல இப்ப ஒரு ஃபோர்வேர்ட் சுத்துது, பாட்டே இல்லாம 1954ல வந்த “அந்த நாள்” படத்த இயக்கினவர் கே. பாலசந்தராம், கண்ணாடி போட்ட அவற்ர படத்தையும் சேர்த்துப் போட்டிருக்கினம்.

பிழை. அது எடுத்தவர் எஸ். பாலசந்தர், வீணை பாலசந்தர் எண்டா எங்கட அப்பம்மாமாருக்கு உடன விளங்கும். ஆள் வீணை வித்துவான், நடிகர், டைரக்டர் எல்லாம் ஒண்டா, 1964ல “பொம்மை” எடுத்ததும் அவர்தான், 1990ல காலமாகிட்டார். கே. பாலசந்தர், அதான் கே.பி., 1954ல சினிமாப் பக்கமே வரேல்ல, மெட்ராஸில ஏஜீஸ் ஆபீஸ்ல (அரசாங்கக் கணக்குப் பாக்கிற அலுவலகம்) வேலை, பிறகு நாடகம், முதல் இயக்கின படம் 1965ல வந்த “நீர்க்குமிழி”. காலமானது 2014ல. ரெண்டு பேரும் சொந்தக்காரரும் இல்லை, பேர் மட்டும்தான் ஒண்டு.

படத்துல சிவாஜி ரேடியோ இன்ஜினியர், சென்னையில ஜப்பான்காரன் குண்டு போட்ட 1943தான் பின்னணி (கொழும்பில அதுக்கு முதல் வருஷமே, 1942 ஏப்ரல் 5, போட்டுட்டான்). பார்க்காத ஆக்கள் பாருங்கோ, கதைய நான் சொல்லமாட்டன்.

இதுல பகிடி என்னெண்டா பேர்க் குழப்பம் வரக்கூடாதெண்டு சிவாஜி ராவ் எண்ட பெடியனுக்கு ரஜினிகாந்த் எண்டு பேர் மாத்தி வச்சதே இந்த கே.பி.தான், ஏற்கெனவே சிவாஜி கணேசன் இருக்கிறார் எண்டு. தன்ர பேருக்கு மட்டும் ஒண்டும் செய்யேல்ல!

ஃபோர்வேர்ட் போட்ட ஆக்கள் அத அழிச்சுப்போட்டு, இனிஷியல மாத்தி, ஃபோட்டோவையும் மாத்திப் போடுங்கோ.