வால்யூமைத் திருப்பவே விடாமல் வால்வு ஆம்ப்பை எப்படி வாங்குவது?

வேலூரில் வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்) கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் விற்பவர்கள் சுவிட்சைப் போட்ட மறுநொடி கிட்டாரை நீட்டி, வால்யூமை ஒன்றுக்கு மேல் ஏற்றாதே என்கிறார்கள். வால்வு சூடாகவே ஒரு நிமிஷம் வேண்டாமா? ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வு உழைக்கும் அந்தக் கனிந்த கரகரப்பு வால்யூம் ஏறினால்தான் வரும். ஒன்றில் வைத்துக் கேட்டு என்ன தெரியும்?

காட்பாடிப் பக்கம் சாயங்காலம் கரண்ட் 200 வோல்ட்டுக்கு இறங்கினால், வால்வைச் சூடாக்கும், 6.3 வோல்ட் வேண்டிய ஹீட்டருக்குக் கிட்டத்தட்ட 5.5தான். ஒலி சோர்ந்துவிடும், பழி ஆம்ப் மேல்! மீட்டர் வைத்துப் பாருங்களேன்.

கிட்டார் ஒலியை முதலில் பெருக்கும் முன்வரிசை 12ஏஎக்ஸ்7 வால்வைப் பென்சிலால் மெல்லத் தட்டி, மணி மாதிரி ஒலித்து நீள்கிறதா (நீண்டால் வால்வில் கோளாறு) என்று பார்க்கக் கேட்டால் முறைப்பு. ஆனால் ஸ்பீக்கர் ஒயரைச் செருகாமலே ஆன் செய்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடக்கூடும், ஐயா!