சொல்லைத் தேடாமல் வாக்கியத்தைப் பிரித்துப் படிக்கட்டும்

சொற்பட்டியலை மனனம் செய்தாலே சீன மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆங்கில வாசிப்புப் பகுதியில் தேறிவிடலாம் என்று கட்டுரை ஒன்றில் படித்த கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. தென்சீன நகரமான குவாங்சோவில் சில காலம் மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஜூன் மாதம் நடைபெறும் காவ்காவ் எனும் சீனக் கல்லூரி நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாளுக்கு 150 மதிப்பெண்கள். பல மாகாணங்களில் பயன்படும் வினாத்தாளில் வாசிப்புக்கு மட்டும் 50. நான்கு பத்திகள், 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2.5 மதிப்பெண்கள், விடுபட்ட வாக்கியங்களைப் பொருத்தும் ஐந்து கேள்விகளுக்கும் அதே மதிப்பெண்தான்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, பத்தியின் ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பென்சிலால் சீனப் பொருளை எழுதிவைத்திருந்தாள். ஆயினும் பத்தியில் உள்ள சொல் அப்படியே இடம்பெற்ற விடையைத் தேர்ந்தெடுத்துத் தவறிவிட்டாள். சரியான விடை பெரும்பாலும் அதே கருத்தை வேறு சொற்களில் கூறும் என்பதை அவளுக்கு எவரும் சொல்லவில்லை, அது எனக்கு இன்றும் வருத்தமே. இன்னொரு தடை வாக்கிய அமைப்பு. "நேற்று வந்த மனிதர்" என்று நாம் சொல்வதைப் போலவே சீனத்திலும் விளக்கம் பெயருக்கு முன்னால் வரும், ஆங்கிலத்திலோ அது பின்னால் நீண்டுகொண்டே போகும். ஆகவே எழுவாயையும் வினைமுற்றையும் முதலில் அடிக்கோடிட்டு, மீதியைப் பிறகு சேர்த்துப் படிக்கச் சொன்னேன். சில வாரங்களில் அவள் பென்சிலால் பொருள் எழுதுவதையே விட்டுவிட்டாள்.